முதலில் சாக்கெட்டைச் சந்தேகி

பத்து ஃபெரிங்கி ஹோட்டலில்
கடலுக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலிகள்.
திரையை வேறு இறக்கிவிட்டார்கள்.
அலை தெரிந்தால் கவனம் சிதறுமாம்.

அறுபத்து நான்கு கேள்விகள்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டம்.
'கூட்டத்தில் தயங்காமல் பேசுவேன்.'

எந்தக் கூட்டத்தில்?
ஊய் சார் முன்னால் ஆங்கிலத்தில் என்றால், இரண்டு.
ரொசைமியோடு மலாயில் என்றால் நான்கு:
சிரித்துச் சிரித்து அவன் கண்ணாடி நழுவும்வரை
விடமாட்டேன்.
ஆயர் ஈத்தாம் சந்தையில்
ஹொக்கியனில் மீன் பேரம் என்றால்
ஐந்துக்கு அப்பாலும் ஒரு வட்டம் வேண்டும்.
தமிழில் எப்படி என்று என் தங்கை முகிலரசியைக் கேளுங்கள்,
போனை வைத்த பிறகும் என் குரல் கேட்கும் என்பாள்.
தாளில் மொழிக்கு இடமில்லை.
இரண்டை வட்டமிட்டேன்.

'இதில் சரி, தவறு கிடையாது'
என்றார் கோலாலம்பூரிலிருந்து வந்த மிஸ் இஃபா.
நல்ல பெண்மணி. எங்கள் பெயர்களைக் கேட்டு
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.
ஆனால் சரி, தவறு இல்லாத சோதனையைப்
பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

என் வேலையே சோதனைதான்.
பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு ஷிப்டு,
மணிக்கு நாலாயிரம் சில்லு.
இயந்திரக் கை எடுக்கும், சாக்கெட்டில் அழுத்தும்,
மின்சாரம் உள்ளே போய் விசாரித்துவிட்டு வரும்.
பிறகு தொட்டி.
ஒன்றாம் தொட்டி காருக்கு, இரண்டாவது பொம்மைக்கு.
ஏழாம் தொட்டியைப் பற்றி
சாப்பிடும்போது பேசமாட்டோம்.

மதியம் தரையில் நாலு வண்ணத் துணி விரித்தார்கள்.
அவரவர் நிறத்தில் போய் நிற்கவேண்டும்.
சிவப்பில் மேனேஜர்கள் முட்டிக்கொண்டார்கள்.
மஞ்சளில் புஸ்பவள்ளி ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.
நீலத்தில் நான்:
அமைதி, துல்லியம், தனிமை விரும்பி.
தியோ பூன் கியாட்டுக்கு மட்டும் நிறமே விழவில்லை.
மிஸ் இஃபா இரண்டுமுறை கூட்டிப் பார்த்துவிட்டு
துணிகள் சந்திக்கும் இடத்தில், நட்ட நடுவில்,
அவனை நிறுத்தினார்.
கைதட்டினோம்.

கோப்பி நேரத்தில் என் காதில் சொன்னான்:
'எல்லாத்துக்கும் மூணு போட்டேன் லா. பசி.'

அடுத்த மாதம் கடிதம் வந்தது.
பூன் கியாட் ஷிப்டுத் தலைவன். காரணம்: சமநிலை.
எனக்குப் பகல் வேலை, ஆவணப் பிரிவு,
ஜன்னல் இல்லாத அறை. காரணம்: நீலம்.
கூடவே மேசையில் வைக்க
ஒரு நீல அட்டை, பிளாஸ்டிக் உறை போட்டு.

இயந்திரத்தின் மூடியில் ஒரு வாசகம் உண்டு,
பூன் கியாட்டே மார்க்கரில் எழுதியது:
முதலில் சாக்கெட்டைச் சந்தேகி.
விழுந்த சில்லை உடனே எறியமாட்டோம்.
முள் தேய்ந்திருக்கலாம், தூசி இருக்கலாம்.
துடைத்து இன்னொருமுறை அழுத்தினால்
பாதி உயிரோடு எழுந்து வரும்.

நேற்று ஷிப்டு மாறும் நேரம்
அவன் என் அறைக்கு வந்தான்.
உட்காரவில்லை. தலைவனாகிவிட்டாலும்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.
சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டை,
தட்டுகளில் மாட்டுவோமே, அதேதான்.
மறுசோதனை.
சில்லு எண் எழுதும் கட்டத்தில் என் ஊழியர் எண்.
காரணக் குறியீடு: 04, தொடர்பு சரியில்லை.
கீழே அவன் கையெழுத்து, புதுப் பதவியோடு.

ஊய் சாருக்கு ஒரு நகல் போயிருக்கிறது.
பதில் இன்னும் வரவில்லை.
அசல் அட்டையை என் கோட்டுப் பொத்தானில்
மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.
என்ன இது, என்ன இது என்று
மேசைக்கு மேசை கூப்பிட்டுக் கேட்டார்கள்.
மூன்று மொழியில் சொல்லி முடிப்பதற்குள்
மீ கோரெங் ஆறிவிட்டது.